அட்டை இல்லாத அம்மா

ஆதிரை பதினோராவது மாதத்தில் 'பால்' என்ற சொல்லைப் படித்தாள்.

அப்போது அவளுக்கு இரண்டு பற்கள்தான் முளைத்திருந்தன. அந்தச் சொல்லை வாயால் சொல்லத் தெரியாது. ஆனால் வசுமதி ஒரு தாளில் 'பால்' என்று எழுதிக் காட்டினால், சமையல் மேடைமேல் இருக்கும் பால் புட்டியைத் திரும்பிப் பார்ப்பாள். 'பந்து' என்று எழுதினால் கட்டிலுக்கு அடியில் பார்ப்பாள், பந்து எப்போதும் அங்கேதான் கிடக்கும். 'மின்விசிறி' என்று எழுதினால் அண்ணாந்து பார்த்து, நிலை தடுமாறிப் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாள்.

மற்ற தாய்மார்கள் இதைப் பார்த்தால் அதிசயம் என்பார்கள். வசுமதிக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இதைச் செய்வதற்குத்தான் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த 'முளை' என்ற நிறுவனம் அவளுக்குச் சம்பளம் கொடுத்தது. கைக்குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்ளும் வீடியோக்களை வடிவமைப்பவள் அவள். யாராவது எப்படி என்று கேட்டுவிட்டால் போதும், கையில் இருக்கும் காப்பி ஆறிப்போகும் வரை விளக்குவாள்.

"டிவி பாக்கற மாதிரி இல்லைங்க இது. டிவி தன்பாட்டுக்கு ஓடும். இதைக் குழந்தைதான் ஓட்டுது. திரைக்கு மேல ஒரு சின்னக் கேமரா இருக்கு. குழந்தையோட கண்மணி எந்த எழுத்து மேல நிக்குதுன்னு அதுக்குத் தெரியும். 'பந்து'ன்னு திரையில வரும். குழந்தை முதல் எழுத்தைப் பார்த்தா அது கொஞ்சம் வீங்கி மினுங்கும். அடுத்த எழுத்துக்குக் கண் போனா அது மினுங்கும். கடைசி எழுத்து வரைக்கும் வரிசையாப் போனாத்தான் பந்து வந்து குதிக்கும். நடுவுல கண்ணை எடுத்தா எல்லாம் அப்படியே நின்னுரும். ரெண்டு நாள்ல குழந்தைக்குப் புரிஞ்சிரும், இந்தப் பூட்டுக்குத் தன் கண்ணுதான் சாவின்னு."

தொடக்கத்தில் அந்த வீடியோக்களில் ஓர் அக்கா இருந்தாள். மஞ்சள் சுடிதார், இரட்டைப் பின்னல், எப்போதும் சிரிப்பு. அவள் கையை நீட்டிச் சொல்லைச் சுட்டிக் காட்டுவாள். ஆனால் முளையில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கண்வரைபடம் எடுப்பார்கள். குழந்தைகள் அதிகம் பார்த்த இடம் சிவப்பாகவும், பார்க்காத இடம் நீலமாகவும் அதில் தெரியும். அந்த அக்காவின் முகம் தக்காளிப் பழம்போலச் சிவந்திருந்தது. சொல் இருந்த இடம் வெளிறிய நீலம்.

சொல்லுக்கு வெளியே எங்கே சிவந்தாலும் அதை வெட்டிவிட வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த விதியை எழுதியவளே வசுமதிதான். முதலில் அக்காவின் சிரிப்பை எடுத்தாள். குழந்தைகள் கண்ணைப் பார்த்தன. கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டாள். மூக்கைப் பார்த்தன. கழுத்துக்கு மேலே படத்தையே வெட்டினாள். பிறகு கை மட்டும் இருந்தது, அப்புறம் அதுவும் போயிற்று. முகம் இருந்தபோது ஒரு சொல்லுக்கு ஒன்பது நாள் பிடித்தது. முகம் போனதும் இரண்டே நாள்.

கடைசியாக ஒரு தடை மிஞ்சியது. குழந்தைகள் அவ்வப்போது திரையை விட்டுத் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தன. அதற்கும் வசுமதி வழி கண்டாள். 'பாட நேரத்தில் பெற்றோர் குழந்தையின் முதுகுப்பக்கம் அமரவும்' என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தாள்.

அப்போது ஆதிரைக்கு ஆறு மாதம். ஊரில் முதன்முதலாக முதுகுப்பக்கம் உட்கார்ந்த தாய் வசுமதிதான்.

குழந்தைக்கு ஒன்றேகால் வயது ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் விளைவு தெரிந்தது.

முளை தரும் பெட்டியில் நூற்றிருபது பெயர்ச்சீட்டுகள் இருக்கும். கதவில் 'கதவு', நாற்காலியில் 'நாற்காலி' என்று வீடெல்லாம் ஒட்ட வேண்டும். ஆட்களுக்குத் துணிச்சீட்டு. வசுமதி 'அம்மா' என்பதை நைட்டியில் ஊசி குத்தி மாட்டியிருப்பாள், அவள் கணவன் நந்தகோபால் 'அப்பா' என்பதைச் சட்டைப்பையில் மாட்டியிருப்பான். அந்த ஞாயிறு, துவைத்த நைட்டியில் சீட்டை மாட்ட மறந்து வசுமதி குழந்தையைத் தூக்கினாள்.

ஆதிரை வீல் என்று கத்தினாள். பசிக்கோ தூக்கத்துக்கோ அழுகிற அழுகை இல்லை அது. பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்தால் கத்துவார்களே, அந்தக் கத்தல்.

"என்னடா தங்கம், அம்மாடா" என்றாள் வசுமதி. குரலைக் கேட்டதும் குழந்தை இன்னும் பயந்து உடம்பை வில்லாக வளைத்தது.

நந்தகோபால் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். குழந்தை அவன் சட்டைப்பையைப் பார்த்தது. அழுகை நின்றது.

டாக்டர் மெஹருன்னிசா மூளை நரம்பு நிபுணர். அவர் சோதனையெல்லாம் முடித்துவிட்டு மேசைமேல் இருந்த மூளைப் பொம்மையை இரண்டாகப் பிரித்தார். கீழ்ப்பக்கத்தில் காதுக்குப் பின்னால் ஓரிடத்தைப் பேனாவால் தொட்டார்.

"முகங்களை அடையாளம் கண்டுபிடிக்கற இடம் இது. எழுத்தைப் படிக்கறதும் கிட்டத்தட்ட இதே இடம்தான். ரெண்டுமே ஒரே மாதிரி வேலை. சின்னச் சின்னக் கோடுகளைப் பார்த்து இது இன்னதுன்னு ஒரே பார்வையில சொல்லணும். நாமெல்லாம் அஞ்சு வயசுல படிக்க ஆரம்பிச்சோம். அதுக்குள்ள முகங்கள் வந்து நல்லாக் குடியேறி, திரைச்சீலையெல்லாம் மாட்டியிருக்கும். எழுத்து வந்து ஒரு மூலையில வாடகைக்கு இருந்துக்கும். உங்க பொண்ணுக்கு வீடு காலியா இருக்கறப்பவே எழுத்து வந்து எல்லா அறையையும் பிடிச்சிருச்சு."

"என் குரல் தெரியணும்ல டாக்டர்?" என்றாள் வசுமதி.

"நல்லாத் தெரியும். அதனாலதான் கூடுதல் பயம். யாரோ ஒருத்தி உங்க குரலைத் திருடிட்டு வந்திருக்கான்னு அது நினைக்குது."

"சரியாகுமா?"

"வீடியோவை இன்னைக்கே நிறுத்துங்க. சீட்டையும் கழட்டிப் போட்டுட்டு, எதிர்ல உட்கார்ந்து முகத்தைக் காட்டிக்கிட்டே இருங்க. குடியிருக்கறவங்களை மெல்ல நகர்த்தலாம். ஆனா சுலபமாப் போக மாட்டாங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க உங்க பொண்ணுக்கு வேத்தாளா இருக்கணும். முடியுமா?"

வசுமதி அன்றே வீடியோவை நிறுத்தினாள். சீட்டையும் கழற்றினாள். குழந்தை அழுது அழுது வாந்தி எடுத்தது. மாலை நாலரை மணிக்கு அவளே ஊசியைத் தேடி எடுத்து 'அம்மா'வைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். குழந்தை ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. கன்னத்தை வைத்துக்கொண்டதோ அந்தச் சீட்டின்மேல்.

மறுநாள் அலுவலகத்தில் நிறுவனர் ஞானராஜிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஞானராஜ் எந்தக் கெட்ட செய்தியையும் பொறுமையாகக் கேட்கக்கூடியவர். கேட்டு முடிக்கும்போது அது நல்ல செய்தியாகியிருக்கும்.

"இதை ஏன் குறைன்னு பாக்கறீங்க வசு? நம்ம குழந்தைங்க மூஞ்சியைப் பார்த்து ஆளை எடை போட மாட்டாங்க. எழுத்துல இருந்தா நம்புவாங்க, இல்லைன்னா நம்ப மாட்டாங்க. வளர்ந்தப்புறம் எத்தனை ஏமாத்துக்காரங்ககிட்ட இருந்து தப்பிப்பாங்க, யோசிங்க."

"சார், என் பொண்ணுக்கு என்னைத் தெரியல."

"தெரியுதே. சீட்டு மாட்டினாத் தெரியுதுல்ல? துணிச்சீட்டு துவைச்சா போயிருது, அதுதான் பிரச்சினை. பிளாஸ்டிக் அட்டையாப் போட்டுருவோம்."

முளை வீடியோ பார்த்த மற்றக் குழந்தைகளுக்கும் இதே கதைதான். மூன்று மாதத்தில் கோயம்புத்தூரில் பாதிப் பேர் கழுத்தில் அட்டை தொங்கியது.

இவ்வளவு சீக்கிரம் மனிதர்கள் இதற்குப் பழகியதுதான் விந்தை. வீடியோவை நிறுத்தலாம் என்று பலருக்கும் தோன்றியது. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றரை வயதில் செய்தித்தாள் தலைப்பைப் படிக்கும்போது தன் குழந்தை மட்டும் வெறும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதை யாராலும் தாங்க முடியவில்லை. அட்டை மாட்டுவது அதைவிட எளிது.

வசுமதியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் நலச்சங்கம் கூடி விதிகள் வகுத்தது. அட்டை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்க வேண்டும், குழந்தையின் கண்ணுக்கு எட்டுவதற்காக. ஆகவே பெரியவர்கள் எல்லோரும் முழங்கால் வரை ஆடும் அட்டையோடு நடந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு மாமாக்கள் இருந்தால் 'மாமா 1', 'மாமா 2' என்று எழுத வேண்டும் என்றார்கள். யார் ஒன்று, யார் இரண்டு என்பதில் சி பிளாக்கில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஏழாவது மாடியில் ஒரு கணவனும் மனைவியும் அவசரத்தில் அட்டையை மாற்றி மாட்டிக்கொண்டார்கள். அன்று முழுக்கக் குழந்தை சோறு, குளியல், தாலாட்டு எல்லாவற்றுக்கும் தகப்பனிடமே போனது. தவறு தெரிந்த பிறகும் அந்த மனைவி ஒரு வாரம் அதைத் திருத்தவில்லை.

அட்டை இல்லாத கூரியர்காரரைக் குழந்தைகள் நாற்காலியைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போயின. தேர்தல் தட்டிகளுக்கு நின்று வணக்கம் சொல்லின. 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டியில் இருந்தவர்களின் பெயர்கள் அவற்றுக்கு உறவினர் பெயர்களைவிட நன்றாகத் தெரிந்தன.

ஆதிரைக்கு இரண்டரை வயதானபோது நகரத்தின் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. நேர்காணலுக்கு வரும் எல்லாக் குழந்தைகளும் படித்தன. ஒன்றைச் சேர்த்து இன்னொன்றைத் தள்ளுவதற்குக் காரணம் கிடைக்கவில்லை. எல்லோரிடமும் இருப்பதை வைத்துத் தேர்வு நடத்த முடியாது, யாரிடமும் இல்லாதது ஒன்று வேண்டும். அந்த ஆண்டு எல்லாப் பள்ளிகளும் ஒரே அறிவிப்பை வெளியிட்டன: சேர்க்கை நேர்காணலில் குழந்தை தன் தாயை, அட்டை இல்லாமல், பத்து வினாடிக்குள் அடையாளம் காண வேண்டும்.

ஊரே கலங்கிப்போனது. ஞானராஜ் மட்டும் கலங்கவில்லை.

"முகப் பாடம்" என்றார் கூட்டத்தில். "எழுத்தைச் சொல்லிக்கொடுத்த நமக்கு முகத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா? எல்லாம் அதே முறைதான். ஒரு முகம். கண், மூக்கு, வாய்னு குழந்தையோட பார்வை வரிசையாப் போனா அது மினுங்கும். முதல்ல முகத்துக்குக் கீழ 'அம்மா'ன்னு எழுத்து இருக்கும். நாளாக ஆக எழுத்து மங்கிக்கிட்டே வந்து மறைஞ்சிரும்."

"யாரோட முகம் சார்?" என்று வசுமதி கேட்டாள்.

"ஒரு முகம் போதும். நம்ம வீடியோ ஓடற நாப்பதாயிரம் வீட்டுக்கும் தனித்தனியாப் படம் எடுக்க முடியுமா? 'அ' சொல்லிக்கொடுக்கறப்ப ஊர்ல இருக்கற எல்லாக் கையெழுத்தையுமா காட்டினோம்? ஒரு 'அ' தெரிஞ்சா எல்லா 'அ'வும் தெரியும். அதே கதைதான்."

முகம் எழுத்து இல்லை, ஊரிலுள்ள எல்லா 'அ'வும் ஒன்று, எல்லா அம்மாவும் ஒன்றில்லை என்று வசுமதி அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் அவள் மனம் வேறொன்றில் இருந்தது. அவள் வீட்டில் பாத்திரம் துலக்கும் மயிலாத்தா சம்பந்தப்பட்டது அது.

நலச்சங்கம் மயிலாத்தாளுக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தது. அவள் அதை ஒரு நாள்கூட மாட்டியதில்லை. அவளை ஆதிரை அட்டை உள்ளவர்களைப் போலவே நடத்துவதை வசுமதி தற்செயலாகக் கவனித்தாள். மயிலாத்தா மழைக்காக முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தாள். ஒரு சொல் பேசவில்லை. ஆதிரை பத்தடி தள்ளியிருந்தே "மயிலு" என்று ஓடினாள்.

"மயிலாத்தா, உங்களை எப்படிங்க அடையாளம் தெரியுது இவளுக்கு?"

"ஏனுங்க்கா இப்படிக் கேக்கறீங்க? மூஞ்சி இருக்குதில்லீங்களா?"

"அட்டை எங்க?"

"அதுங்களா? சாம்பார்ச் சட்டிக்குள்ள நாலு வாட்டி விழுந்துருச்சுங்க. அப்புறம் வேண்டாம்னு உட்டுட்டேன். மொதல்ல பாப்பா என்னையக் கண்டாக் கத்துமுங்க. நான் கத்தட்டும்னு என் வேலையப் பாப்பேன். எனக்கு ஆறு வீடு இருக்குதுங்க, இது அழுவுதுன்னு உக்காந்துட்டா ஆவுமா? கத்திப் பாத்துது, கத்திப் பாத்துது, அப்புறம் ஒரு நா 'நீ யாரு'ன்னு கேட்டுது. மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டுது."

வசுமதிக்கு அப்போதுதான் முழுச் சூட்சுமமும் விளங்கியது. டாக்டர் சொன்னது உண்மை. குழந்தையின் மூளையில் குடியிருக்கும் எழுத்தை நகர்த்தி முகத்துக்கு இடம் பிடிக்க முடியும். ஆனால் கழுத்தில் எழுத்துத் தொங்கும்போது கண் முகத்துக்கு ஏற வேண்டிய தேவையே இல்லை. வீடியோவில் சொல்லுக்கு வழிவிட முகத்தை வெட்டியதைப்போல, வீட்டில் தன் முகத்தைத் தானே அட்டையால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அன்று மாலை நாலரை மணிக்கு அவள் தோற்காமல் இருந்திருந்தால், மயிலாத்தா சும்மா பாத்திரம் துலக்கிப் பெற்றதை அவளும் பெற்றிருப்பாள்.

அவள் ஞானராஜிடம் நாற்பது நாள் விடுப்புக் கேட்டாள்.

"இந்த நேரத்துலயா?" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஒண்ணு பண்ணலாம். முகப் பாடத்துக்கு ஒரு முகம் வேணும். நம்ம ஆபீஸ் ஆளுங்க பன்னெண்டு பேர் போட்டோவைச் சோதிச்சோம், கண்வரைபடம் உங்க முகத்துக்குத்தான் அருமையா வந்திருக்கு. ஒரு நாள் வந்து நடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க. சோதனை ஓட்டத்துக்கு மட்டும்தான்."

எதிரே காகிதம் நீட்டப்பட்டது. நாற்பது நாள் கிடைக்கிறது என்பது மட்டுமே அவள் கண்ணில் பட்டது. கையெழுத்துப் போட்டாள், மறுநாள் போய் நடித்தும் கொடுத்தாள்.

முதல் நாள் ஆதிரை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நந்தகோபாலும் அட்டையைக் கழற்றியிருந்தான், ஆனால் பகலில் அவன் அலுவலகம் போய்விடுவான். வசுமதி கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் முதுகுப்பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

"அம்மா எப்ப வருவாங்க?" என்று ஆதிரை கதவிடுக்கிலிருந்து கேட்டாள்.

"நான்தான் அம்மா."

"உங்க மேல எழுதியே இல்ல."

மூன்றாம் நாள் பட்டினி கிடக்க முடியாமல் வெளியே வந்து சோறு வாங்கிக்கொண்டாள். தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்.

"எங்கம்மா குரல் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"இது என் குரல்தாண்டா."

"அம்மாகிட்ட கேட்டு வாங்கினீங்களா?"

ஒன்பதாம் நாள் அவளுக்கு ஒரு பெயர் வைத்தாள்: பேரில்லா ஆன்ட்டி. பேரில்லா ஆன்ட்டி தலை பின்னினால் வலிப்பதில்லை என்று மயிலாத்தாளிடம் சொன்னாள். எங்கம்மா வந்ததும் நீங்க போயிருவீங்களா என்று பதினாறாம் நாள் கேட்டாள். போக மாட்டேன் என்றாள் வசுமதி. குழந்தை அதை நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அம்மா எங்க படுப்பாங்க?" என்றாள்.

நந்தகோபால் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "வசு, ஒரு மணி நேரம் மாட்டிக்கோயேன்" என்று அட்டையை நீட்டினான். அவள் அதை வாங்கி, அவன் கண்ணெதிரே கத்தரியால் நான்காக வெட்டினாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

இருபத்தெட்டாம் நாள் ஆதிரை முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தாள். கண் ஒரு புருவத்தில் தொடங்கி அடுத்த புருவத்துக்குப் போனது, இடமிருந்து வலமாக, வரி படிப்பதுபோல. மூக்கில் நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் வீடியோவில் எழுத்துகள் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கும் என்று வசுமதிக்கு நினைவு வந்தது. காத்திருந்தாள்.

அதன் பிறகு குழந்தை அடிக்கடி பார்த்தது. ஆனால் நாற்பது நாளும் முடிந்து நேர்காணல் நாளும் வந்தது. ஆதிரை அவளை ஒருமுறைகூட 'அம்மா' என்று கூப்பிடவில்லை.

"பள்ளிக்கூடம் கிடக்கட்டும்" என்றாள் வசுமதி, காரில் ஏறும்போது. "எனக்கே தெரியணும்."

பள்ளி மண்டபத்தில் ஐந்து நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஐந்து தாய்மாருக்கும் பள்ளியே ஒரே மாதிரி வெளிர்நீலச் சேலை கொடுத்தது. புடவையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையசைக்கக் கூடாது. தலைமை ஆசிரியை, நரைத்த கொண்டை போட்ட கண்டிப்பான அம்மையார், நிறுத்துக் கடிகாரமும் மதிப்பெண் தாளும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். குழந்தைகள் ஐந்தும் வெளியே நந்தகோபாலோடும் மற்ற தகப்பன்மாரோடும் இருந்தன. வசுமதி நான்காவது நாற்காலி.

முதலில் ஒரு பையன் வந்தான். வாசலில் நின்றான். முகங்களைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. நேராக ஓடிவந்து வசுமதியின் மடியில் ஏறினான்.

"அம்மா" என்றான்.

முதல் நாற்காலியில் இருந்த பெண் பாதி எழுந்து, விதி நினைவுக்கு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"தப்பு" என்று தலைமை ஆசிரியை குறித்துக்கொண்டார். "அடுத்தது."

அடுத்த பெண் குழந்தை வாசலிலேயே சிரித்துவிட்டது. கண், மூக்கு, வாய் என்று அதன் பார்வை வரிசையாக இறங்குவதை வசுமதி பார்த்தாள். முகப் பாடத்தில் தன் முகத்துக்கு வகுத்த வரிசை அது. குழந்தை வந்து அவள் இடது முழங்காலைக் கட்டிக்கொண்டது. "அம்மா."

மூன்றாவது, நான்காவது. யாருக்கும் மூன்று வினாடிக்கு மேல் ஆகவில்லை. நான்காவது குழந்தை இடம் இல்லாமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மற்ற நான்கு நாற்காலிகளில் நான்கு பெண்கள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாமவள் மட்டும் மெல்லத் திரும்பி, "நீங்க யாருங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"பேசக் கூடாது" என்றார் தலைமை ஆசிரியை. "சோதனை ஓட்டம்னு சொன்னாங்க மேடம்" என்று வசுமதி யாருக்கோ சொன்னாள். "நீங்களும்தான்" என்றார் அவர். "கடைசிக் குழந்தை."

ஆதிரை உள்ளே வந்தாள்.

வாசலில் நின்று முதல் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான்காவதில் அவள் கண் நின்றது. புருவம், மூக்கு. பிறகு மடியிலிருந்த பையன், முழங்காலில் இருந்த பெண், மற்ற இருவர். மறுபடி வசுமதியின் முகம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வசுமதி விதியை மீறி வாயைத் திறக்கலாம், ஒரே ஒரு சொல். திறக்கவில்லை. இப்போது கூப்பிட்டால் குரலுக்குத்தான் வருவாள்.

ஆதிரை மெதுவாக நடந்து வந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த குழந்தைக்குப் பின்னால், ஒரு கை இடைவெளி விட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பத்து வினாடி ஆச்சு" என்றார் தலைமை ஆசிரியை. "தொடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அடையாளம் தெரியலைன்னு போட்டுக்கறேன்." பேனா தாளில் கீறியது.

ஆதிரை முன்னால் நின்ற குழந்தையின் தோளைத் தட்டினாள்.

"சீக்கிரம் பாத்துட்டுப் போங்க எல்லாரும்" என்றாள். "எங்கம்மாவுக்கு வீட்டுல வேலை இருக்கு."

வசுமதி எழுந்திருக்கப் பார்த்தாள். எட்டுக் கைகள் அவளைப் பிடித்திருந்தன. அந்தக் கைகளுக்கு மேலாகக் குழந்தை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. கோபமோ அவசரமோ இல்லாமல், தன் முறை வரும் என்று உறுதியாகத் தெரிந்தவளைப் போல நின்றது. நாற்பதாயிரம் வீடுகள் என்று ஞானராஜ் சொன்னது வசுமதியின் காதில் கேட்டது.

தனக்கு முன்னால் நான்கு பேர்தான் என்று ஆதிரை நினைத்துக்கொண்டிருந்தாள்.